புளியங்கொட்டையில் தொடங்கலாம்

(மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஓய்வுபெற்ற அணுமின் நிலையப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மாணவர்களுக்குப் பொறியியல் மீதும் அணுசக்தித் துறை மீதும் ஆர்வம் உண்டாக்க ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். வருகிறேன், ஆனால் முகாம் முடிந்து போகும் ஆசிரியர்கள் கையில் துண்டறிக்கைக் கட்டு எதையும் திணிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். திணித்தால் அது நேரே தலைமையாசிரியர் அறை பீரோவுக்கு மேலே ஏறிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பளபளப்பான தாளில் குளிர்விப்புக் கோபுரத்தின் படமும் கீழே ஒரு புன்னகையும் அச்சடித்துக் கொடுத்து எந்தப் பிள்ளையும் பொறியாளர் ஆனதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ராதாபுரம் வட்டாரத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூடங்குளம் உங்களுக்குச் செய்தித்தாள் சமாச்சாரம் இல்லை, பக்கத்து ஊர். 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது அங்குள்ள அணுமின் நிலையம். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. அதன் பிறகு இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு, நிலையத்தை எதிர்த்து மக்கள் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது, தேசத்துரோகப் பிரிவு உட்பட. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்கலாம் என்றது; வழக்குகளைத் திரும்பப் பெறப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. ஜூலையில் முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது. அன்றைக்கு அம்மாவின் மடியில் அந்தப் பந்தலில் தூங்கிய குழந்தை இன்று உங்கள் பிளஸ் டூ வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் போய், அணுசக்தி ரொம்ப நல்லது, பயமே வேண்டாம் என்று நீங்கள் பாடம் நடத்தினால், உங்களை அது நிலையத்தின் ஆள் என்றுதான் நினைக்கும். அப்புறம் நியூட்டன் விதியைச் சொன்னாலும் சந்தேகத்தோடுதான் கேட்கும்.

ஆகவே, அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் நீங்கள் வக்கீலாக வேண்டாம். அளக்கக் கற்றுக்கொடுங்கள், கேள்வியை வளரவிடுங்கள், எந்த வாசல் எங்கே திறக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படி என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

பத்தாம் வகுப்பு அறிவியலிலும் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் தொகுதியிலும் அணுக்கரு பற்றிய பாடம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அது வருகிற நேரத்தில் உங்களுக்குத் திருப்புதல் தேர்வு நெருக்கும். சூத்திரத்தைப் பலகையில் எழுதி, இரண்டு கணக்குப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். குறை சொல்லவில்லை, உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான். ஆனாலும் ஒரே ஒரு பீரியடை மட்டும் எனக்காக ஒதுக்குங்கள். செலவு ஒன்றும் கிடையாது.

நூறு புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்போமே, அதுபோல ஒரு பக்கத்தைச் சிமென்ட் தரையில் தேய்த்து வெள்ளை தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கிற வேலையை முந்தின நாளே பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்; அதைவிட மகிழ்ச்சியான வீட்டுப்பாடம் அவர்களுக்குக் கிடைக்காது. மறுநாள் ஒரு சொளகில் போட்டுக் குலுக்கி மேசைமேல் கொட்டச் சொல்லுங்கள். வெள்ளை மேலே வந்த கொட்டைகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். அவை சிதைந்துவிட்ட அணுக்கள். மீதியை எண்ணிப் பலகையில் எழுதுங்கள். ஐம்பதை ஒட்டி வரும். 47 வரலாம், 54 வரலாம். மிஞ்சியதை மட்டும் அள்ளி மறுபடி குலுக்கிக் கொட்டுங்கள். இருபத்தைந்தை ஒட்டி. அடுத்தது பன்னிரண்டு, பதின்மூன்று. ஆறேழு வீச்சுக்குள் கையில் ஒன்றிரண்டு நிற்கும், சில சமயம் ஒன்றும் நிற்காது. வீச்சின் எண்ணிக்கையைக் கிடை அச்சிலும் மிஞ்சிய கொட்டையைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரையச் சொன்னால், பாடப் புத்தகத்தில் இருக்கும் அந்த வளைகோடு பிள்ளையின் நோட்டிலேயே வந்து நிற்கும்.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். எந்தக் கொட்டை அடுத்த வீச்சில் வெளுக்கும் என்று கேளுங்கள். யாராலும் சொல்ல முடியாது. எத்தனை வெளுக்கும் என்று கேளுங்கள். கடைசி பெஞ்சுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஐந்து வீச்சுத் தப்பிப் பிழைத்த கொட்டை ஆறாவது வீச்சில் வெளுத்தாக வேண்டுமா? வேண்டியதில்லை, அதற்குப் பழைய கணக்கு எதுவும் நினைவில் இல்லை. சரியாகத் தேயாத கொட்டைகள் சில ஒரே பக்கமாக விழுந்து அடம்பிடிக்கும். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், தனியே சேர்த்து இதே ஆட்டத்தை ஆடச் சொல்லுங்கள். அது வேறு ஐசோடோப்பு, அதற்கு அரை ஆயுள் வேறு. புள்ளியியல், நிகழ்தகவு, பிழைக் கணக்கு எல்லாம் சொல்லாமலே உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் எண் ஏன் கொஞ்சம் மாறுகிறது என்று கேட்டு, உங்கள் உயிரை எடுக்கிற பிள்ளை ஒன்று எழும். அதன் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறைக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

அடுத்து கைகர் எண்ணி. பள்ளிக்கு ஒன்று வாங்க முடியாவிட்டாலும் வட்டாரத்துக்கு ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். சும்மா மேசைமேல் வைத்தாலே அது 'டிக், டிக்' என்று சொல்ல ஆரம்பிக்கும். பிள்ளைகள் பயந்து பின்னே போவார்கள். அப்போதுதான் சொல்ல வேண்டும்: இது நம்மைச் சுற்றி எப்போதும் இருப்பது. மண்ணிலிருந்து, பாறையிலிருந்து, வானத்திலிருந்து, நம் உடம்பிலிருந்தும்தான். நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு சின்னப் பங்கு பொட்டாசியம்-40. வளர்ந்த ஒரு மனிதனுக்குள் நொடிக்குச் சுமார் நாலாயிரம் அணுக்கள் அதில் மட்டும் சிதைகின்றன. உலகச் சராசரியாக ஒரு மனிதனுக்கு ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் இயற்கையிலிருந்தே சேர்கிறது. மார்புக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு ஒரே நாளில் சேர்ந்துவிடும்.

குமரி மாவட்ட ஆசிரியர்களுக்கு இன்னொரு கதை இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்த ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர், அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டார். தேடிக்கொண்டே மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார், ஆண்டு 1909. அந்த நாளில் மோனசைட்டிலிருந்து எடுத்த தோரியம் எரிவாயு விளக்கின் மேண்டிலுக்குப் போனது. திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் தலையில் சுமந்து போன பெட்ரோமாக்ஸின் பழைய மேண்டிலும் அதே சரக்குதான். இப்போது பெரும்பாலும் தோரியம் இல்லாத மேண்டில் வருகிறது. ஊரில் யாராவது பழைய பெட்டியில் ஒன்று வைத்திருந்தால், உறையைப் பிரிக்காமல் எண்ணியை அதன் பக்கத்தில் காட்டிப் பாருங்கள். டிக் டிக் நெருங்கிப் படபடவென்று அடிக்கும். இந்திய அணுசக்தித் திட்டத்தின் மூன்றாம் கட்டமே அந்தத் தோரியத்தை நம்பித்தான் போடப்பட்டது. அந்த மணலை அள்ளுவதற்குக் கிள்ளியூர்ப் பக்கம் எதிர்ப்பு எழுந்ததையும் அதே வகுப்பில் சொல்லுங்கள். பாதியை மறைத்து மீதியைச் சொன்னால், பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் மீதிப் பாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா நிச்சயம் கேட்பார்: "பொம்பளப் புள்ளைய அங்க அனுப்பலாமா சார்? நாளைக்குக் கல்யாணம், குழந்தை..." இதற்கு, அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா என்பது பதில் ஆகாது. எண்ணைச் சொல்லுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1. கருவுற்றிருப்பதாக ஒரு பெண் தெரிவித்த நாளிலிருந்து மீதிக் கர்ப்பகாலம் முழுவதற்கும் கருவுக்கு 1-ஐத் தாண்டக் கூடாது. பணியாளர் ஒவ்வொருவர் மார்பிலும் டி.எல்.டி. என்ற அட்டை தொங்கும். உள்ளே மூன்று வில்லைகள். ஒன்றின்மேல் உலோகத் தகடு, ஒன்றின்மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. எந்த வகைக் கதிர் எவ்வளவு பட்டது என்று பிறகு சூடாக்கி, வெளிவரும் ஒளியை அளந்து கண்டுபிடிப்பார்கள். கணக்கு அவரவர் பெயரில் பணிக்காலம் முழுவதும் ஏறிக்கொண்டே வரும். இவ்வளவையும் கேட்டுவிட்டும் அந்த அம்மா வேண்டாம் என்றால், அது அவர் முடிவு. வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கேள்விக்கு வருகிறேன். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு பையன் எழுந்து கேட்கிறான்: "சார், ஆபத்துன்னா சுவிட்ச அணைச்சிட வேண்டியதுதான?" இந்தக் கேள்வி வரவில்லையென்றால் நீங்களே கேட்டுவிடுங்கள். என் கணக்கில் ஒரு பொறியியல் கல்லூரி முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

கூடங்குளத்து உலை ஒன்று 1,000 மெகாவாட் மின்சாரம் கொடுக்கிறது. அதற்காக அது உண்டாக்கும் வெப்பம் 3,000 மெகாவாட். கட்டுப்பாட்டுத் தண்டுகள் விழுந்தால் சில நொடிகளில் தொடர்வினை நின்றுவிடும். வெப்பம் நிற்காது. பிளவுண்ட துண்டுகள் சிதைந்துகொண்டே இருக்கும், வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் ஆறு ஏழு சதவீதம், அதாவது ஏறத்தாழ 200 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு இருக்கும். அரை சதவீதம்தானே என்று தோன்றும். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 3,000-இல் அரை சதவீதம் 15 மெகாவாட். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு ஆறரை கிலோ, மணிக்கு 24 டன்னை ஒட்டி வரும். மணிக்கு இரண்டு பெரிய தண்ணீர் லாரி! அணைத்து ஒரு நாள் ஆன உலைக்கு! சென்னையில் கோடையில் லாரிக்குக் காத்திருந்த பிள்ளைக்கு இந்த அளவு உடனே புரியும்.

ஃபுகுஷிமாவில் நடந்ததும் இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. தண்டுகள் தம் வேலையைச் செய்தன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. ஜெனரேட்டர்கள் பல கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. முழுகின. மிச்ச வெப்பத்தை எடுத்துப் போக வழியில்லை. அணு இயற்பியல் தோற்ற இடம் அது இல்லை. ஒரு ஜெனரேட்டரை எந்தத் தளத்தில் வைப்பது என்ற முடிவு தோற்ற இடம்.

நம் பக்கத்திலும் ஒரு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. கடலடிச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கும் பம்ப் அறைக்குள் கடல் ஏறியது. அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. பக்கத்தில் வேக ஈனுலைக்குத் தோண்டியிருந்த அடித்தளப் பள்ளம் நிரம்பிவிட்டது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலை நன்றாக நின்றது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும்போது, குடியிருப்பில் போன உயிர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு யார் யார் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள். அலை எவ்வளவு உயரம் வரும் என்று கணக்கிட்டுத் தரைமட்டத்தை நிர்ணயிப்பது சிவில். மின்சாரம் மூன்று வழியில் போனாலும் நான்காவது வழி இருக்கும்படி செய்வது எலெக்ட்ரிக்கல். கூடங்குளத்தில் பம்ப்பே இல்லாமல் நீராவி மேலே ஏறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, நீராகித் தன் எடையால் கீழே வரும் அமைப்பு ஒன்று இருக்கிறது. நீங்கள் நடத்துகிற வெப்பச்சலனப் பாடத்தை எஃகில் செய்தது அது. மெக்கானிக்கல் ஆட்களின் கைவேலை. வெப்பநிலை உண்மையில் எவ்வளவு என்று சொல்வது இன்ஸ்ட்ருமென்டேஷன். குழாய் இணைப்பில் மயிரிழை விரிசல்கூட இல்லை என்று உறுதி சொல்பவர்கள் வெல்டரும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் சோதனையாளரும். கனநீர் உலைகளுக்கான நீராவி ஜெனரேட்டர் திருச்சி பெல் தொழிற்சாலையிலேயே செய்யப்படுகிறது. பற்றவைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் அங்கே இருக்கிறது. இவர்களில் அணுப் பொறியியல் என்ற பெயரில் பட்டம் வாங்கியவர்கள் மிகச் சிலர். கலந்தாய்வு நேரத்தில் 'நியூக்ளியர்' என்று பெயர் வைத்த பி.டெக். விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரும் பெற்றோரிடம், மெக்கானிக்கலோ எலெக்ட்ரிக்கலோ கெமிக்கலோ நன்றாகப் படித்தால் அந்த வாசலும் திறக்கும், வேறு பத்து வாசலும் திறக்கும் என்று சொல்லுங்கள். இது என் சொந்தக் கருத்து, கல்லூரிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

வாசல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோமி பாபா 1944-லேயே டாடா அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தில், அணுசக்தி வரும் நாளில் நிபுணர்களுக்காக வெளிநாட்டைப் பார்த்து நிற்கக் கூடாது என்று வாதாடினார். 1957-இல் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பொறியியல் பட்டதாரிகளும் எம்.எஸ்சி. படித்தவர்களும் அங்கே ஓராண்டு உதவித்தொகையோடு பயின்று விஞ்ஞான அதிகாரி ஆகிறார்கள். கல்பாக்கத்திலும் அந்தப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த ஆர். சிதம்பரம் அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவே ஆனார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பல ஆசிரியர்களுக்குத் தெரியாதது கீழ்ப்படிகள். டிப்ளமோ முடித்தவருக்கும் பி.எஸ்சி. முடித்தவருக்கும் ஒரு வழி. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு ஒன்று. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து ஐம்பது சதவீதம் வாங்கியவருக்கும் இந்திய அணுமின் கழகத்தில் ஆபரேட்டர் பயிற்சியாளராகச் சேர வழி இருக்கிறது. உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருவார்கள். கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பேற்பவர்கள் எழுத்துத் தேர்வு, நிலையத்துக்குள் குழாய் குழாயாக நடந்து காட்டும் தேர்வு, சிமுலேட்டர், நேர்காணல் எல்லாம் தாண்டி உரிமம் வாங்க வேண்டும், விமானிக்கு இருப்பதுபோலத்தான். ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் லாக் புத்தகத்தை வரி வரியாகப் படித்து ஒப்படைப்பார். எந்த வால்வு பராமரிப்பில் இருக்கிறது, எந்த அலாரம் எதனால் வந்தது, எல்லாம் அதில் இருக்கும். அழகான கையெழுத்து தேவையில்லை, மறைக்காமல் எழுதும் பழக்கம் தேவை. ஆய்வகத்தில் 'எதிர்பார்த்த விடை' வரும்படி அளவைத் திருத்தி எழுதுகிற பழக்கத்தை நாமே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, பின்னால் அவன் நல்ல ஆபரேட்டர் ஆகவில்லை என்று வருந்திப் பயனில்லை. ரெக்கார்டு நோட்டில் தவறான அளவை அப்படியே விட்டுவிட்டு, ஏன் தவறியது என்று எழுதிய பிள்ளைக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

மின் நிலையத்துக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்சிகிச்சை அளவைத் திட்டமிடும் மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கு எம்.எஸ்சி. இருக்கிறது. கொதிகலன், பாலம், கப்பல் எல்லாவற்றுக்கும் பற்றவைப்புச் சோதனை உண்டு.

ஆசை காட்டவும் வேண்டாம். ஏழு இடங்களில் இருக்கும் நம் உலைகள் எல்லாம் சேர்ந்து நாட்டின் மின்சாரத்தில் மூன்று சதவீதம் அளவுக்குத்தான் கொடுக்கின்றன. 2025 பட்ஜெட்டில் 2047-க்குள் 100 கிகாவாட் என்று அறிவித்தார்கள். இப்போது இருப்பது ஒன்பது கிகாவாட்டை ஒட்டி. கல்பாக்கத்து 500 மெகாவாட் வேக ஈனுலைக்கு 2004-இல் வேலை தொடங்கியது. எரிபொருள் நிரப்பும் கட்டத்துக்கு வர 2024 ஆனது. அந்த வேகத்தைப் பார்த்தவன் நான். லட்சம் வேலை வரப்போகிறது என்று வகுப்பில் சொல்லாதீர்கள். இருக்கிற இடங்களுக்கும் இந்திய அளவில் போட்டி. கிடைத்தால் கைகா, ராவத்பாட்டா போன்ற தொலைதூர நிலையங்களுக்குப் போகச் சொல்லலாம்.

கழிவைப் பற்றிக் கேட்பார்கள். கல்பாக்கத்தில் பயன்படுத்திய எரிபொருளை மறுசுத்திகரிக்கிறார்கள், உயர்கதிர்க் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி இறுக வைக்கும் தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறது, நிரந்தரமாகப் புதைக்கும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்னும் இல்லை. மூன்றையும் சொல்லுங்கள். கூடங்குளத்துக் கழிவை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி 2022-இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதியதையும் சொல்லுங்கள். ஆழ்நிலக் கிடங்கை எங்கே, எந்தப் பாறையில் வைப்பது என்பதற்குப் நிலவியல் படித்தவர் வேண்டும். எதிர்த்துக் கேட்கிற பிள்ளைதான் அந்த வேலைக்குப் பொருத்தம். தலையாட்டுகிற பிள்ளையை அங்கே வைத்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

கடைசியாக, நாள்காட்டியில் குறிக்க வேண்டிய ஒரு விஷயம். பிளஸ் டூவில் வந்து இதையெல்லாம் பேசினால் பலருக்குக் காலம் கடந்துவிடும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கிறார்கள். கணக்கு கஷ்டம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் குரூப்புக்குப் போன பிள்ளையால், நான் சொன்ன ஆபரேட்டர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பொறியியல் கலந்தாய்வும் அதோடு போய்விடும். மருத்துவக் கனவும் விடாமல் கணக்கும் வேண்டுமென்றால் உயிரியல்-கணிதக் குரூப் இருக்கிறது. டிப்ளமோவுக்குப் போகிற பிள்ளை பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் விண்ணப்பம் போட வேண்டும். ஆகவே புளியங்கொட்டை ஆட்டத்தைப் பத்தாம் வகுப்பு அணுக்கரு இயற்பியல் பாடத்தின்போதே, பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே ஆடிவிடுங்கள். மதிய உணவுக்குப் பிறகு கைகர் எண்ணிகளை மேசைக்கு ஒன்றாகத் தருகிறோம். மேண்டில் இரண்டுதான் கிடைத்தது, மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சொளகும் கொட்டையும் பின்வரிசையில் இருக்கின்றன.